தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறங்க பாஸ்!

பழவேற்காடு போயிருக்கீங்களா? சென்னையிலிருந்து 60 கிலோமீட்டர் சொச்சம். பொன்னேரியில் பஸ் மாறி வந்து இறங்கினால் ஏரிக்காற்று மூஞ்சியில் அடிக்கும். வந்த பிறகு நீங்க என்ன பண்ணுவீங்கன்னு நானே சொல்லிடறேன். படகில் ஒரு ரவுண்டு, பூநாரை தெரியுதான்னு ஒரு எட்டு, வாசம் பிடிச்சுக்கிட்டே போய் ஒரு தட்டு இறால் வறுவல். கடைசியா டச்சுக்காரங்க கல்லறைத் தோட்டத்தில் நாலு போட்டோ. சரியா?

அந்தக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்க. வாசலிலேயே கல்லில் செதுக்கின எலும்புக்கூடுகள் உங்களை வரவேற்கும். 1613-ல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டின டச்சுக் கம்பெனியின் அதிகாரிகள், வியாபாரிகள், அவங்க பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் உள்ளே தூங்கறாங்க. கோட்டை இடிஞ்சு மண்மேடாகிப் போச்சு. 1824-ல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு ஊரே ஆங்கிலேயர் கைக்குப் போயிடுச்சு. ஆனால் கல்லில் வெட்டின பேரும் தேதியும் குடும்பச் சின்னமும் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கு. தொல்லியல் துறை வேலி போட்டுக் காவல் காக்குது.

ரொம்ப நல்ல விஷயம். இப்போ ஒரு கேள்வி. எங்கிருந்தோ கப்பலேறி வந்து இந்த மண்ணில் செத்தவங்க பேர் 300 வருஷம் தாண்டி நிற்குது. நம்ம மண்ணிலிருந்து கப்பலேறிப் போய் வேற தேசத்துப் போர்களில் செத்தவங்க பேர் எங்கே இருக்கு?

277 பேர்... ஒரு பேர் இல்லை!

வேலூர் லாங் பஜார் பக்கம் போனால் ஒரு மணிக்கூண்டு இருக்கு. அதில் ஒரு கல்வெட்டு. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனாங்க, அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தாங்க. விஷயம் அவ்வளவுதான். 277 பேர் இருக்காங்க, ஒரு பேர்கூட இல்லை!

இந்த மாதிரிக் கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் வேறு ஊர்களிலும் இருக்கு. எல்லாத்திலும் ஒரே மாதிரி வாசகம், எண்ணிக்கை மட்டும்தான் மாறும். ரேஷன் கடை ஸ்டாக் போர்டு மாதிரி!

வேலூர் மாவட்டத்துக்கு இது பழக்கப்பட்ட விஷயம். அங்கே கம்மவான்பேட்டைன்னு ஒரு கிராமம். வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருந்ததால் 'ராணுவப்பேட்டை'ன்னே பேர் வந்துடுச்சு. அந்த ஊருக்கு அதன் கதை தெரியும். மத்த ஊர்களுக்கு?

பாஸ்ராவில் ஒரு கணக்கு

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து போனவங்க சுமார் 13 லட்சம் பேர். திரும்பாதவங்க 74 ஆயிரத்துக்கும் மேல். நம்ம பாளையங்கோட்டை பேரைத் தாங்கின ஒரு படைப்பிரிவு, 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போய் இறங்கிச்சு. அங்கே குண்டு ஒரு பக்கம், கலைஞ்ச தேனீக்கூட்டம் இன்னொரு பக்கம். 'தேனீக்களின் போர்'னே அதுக்குப் பட்டப்பேர். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் தோத்து ஓடின அந்தப் படையில் இருந்தவங்களுக்கு அது வாழ்க்கை.

இராக்கில், அன்றைய மெசபடோமியாவில் செத்து, உடல்கூடக் கிடைக்காதவங்களுக்கு பாஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் கட்டினாங்க. 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்கான இடம். அதில் பெரும்பான்மை இந்தியப் படையினர். ஆனால் கல்லில் பேர் ஏறினது அதிகாரிகளுக்குத்தான். நம்ம சாதாரண சிப்பாய்? 'மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள்'!

இது சும்மா நம்ம ஆதங்கம் இல்லை. உலகம் முழுக்க இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கிற காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டுச்சு. பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள்னு குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை மூன்றரை லட்சம் பேர்வரை, பேரோடு நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லைன்னு ஒப்புக்கிட்டாங்க. நூறு வருஷம் கழிச்சு!

"வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவங்களை நாம ஏன் நினைக்கணும்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ஆனால் யாரும் சாம்ராஜ்யத்துக்கு சல்யூட் அடிக்கச் சொல்லலை. சம்பளத்துக்காக, பஞ்சத்துக்குப் பயந்து, ஊரை விட்டுப் போகணும்னு போன மனுஷங்களும் அதில் உண்டு. அதே மாதிரி 1943-ல் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழர்களும், ஜான்சி ராணி ரெஜிமென்ட்டில் துப்பாக்கி தூக்கின தோட்டத்துப் பொண்ணுங்களும் எதிர்ப்பக்கம் நின்னாங்க. ரெண்டு பக்கமும் நம்ம ஆளுங்க. ரெண்டு பக்கத்துக் கதையும் நமக்கு வேணும்.

தம்பி படை

இன்ஜினீயரிங் படிக்கிறவங்க கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். 1780-ல் தொடங்கின மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் இன்ஜினீயர் படை. பாலம் கட்டறது, பாதை போடறது, கண்ணிவெடி எடுக்கறது இவங்க வேலை. ராணுவத்தில் இவங்களுக்குச் செல்லப்பேர் என்ன தெரியுமா? 'தம்பி'!

இந்தப் படையோடு பெங்களூரில் இருந்த கேப்டன் மெக்ளின்டாக், 1912-ல் முள்கம்பி வேலியைத் தகர்க்க ஒரு நீளக் குழாய் வெடியைக் கண்டுபிடிச்சார். பேரே 'பெங்களூர் டார்பிடோ'. 1944 ஜூனில் பிரான்சின் ஒமாஹா கடற்கரையில் இறங்கின அமெரிக்கப் படைவீரர்கள் வேலிகளை உடைச்சுக்கிட்டு முன்னேறினது இதை வச்சுத்தான்.

அதே வருஷம் பிப்ரவரியில் இத்தாலி. சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியம் தன் ஆட்களோடு கண்ணிவெடி அகற்றிக்கிட்டு இருந்தார். ஒரு வீரரின் கால் வெடி மேல் பட்டுடுச்சு. வெடிக்க சில நொடிகள்தான். சுப்பிரமணியம் அப்படியே அதன் மேல் விழுந்து தன் உடம்பால் மூடிட்டார். அவர் போயிட்டார், கூட இருந்தவங்க பிழைச்சாங்க. மறைவுக்குப் பிறகு 'ஜார்ஜ் கிராஸ்' பதக்கம் கொடுத்தாங்க. அவர் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாக்காரர். பழவேற்காடும் அப்போ அந்த ஜில்லாதான். நம்ம பாடப்புத்தகத்தில் இவர் பேரை நான் படிச்சதில்லை. நீங்க?

அங்கே என்ன பண்றாங்க?

அமெரிக்காவில் போரில் செத்தவங்களுக்கு மே மாசம் ஒரு நாள், சேவை செய்து திரும்பினவங்களுக்கு நவம்பர் 11. இந்த ரெண்டாவதைக் கவனிங்க. செத்தால்தான் மரியாதைன்னு இல்லை. 2000-ல் அவங்க பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, முன்னாள் வீரர்களின் வாய்மொழிக் கதைகளைச் சேகரிக்கிற திட்டத்தைத் தொடங்கிச்சு. நாட்டின் மிகப்பெரிய நூலகமான காங்கிரஸ் நூலகத்தில் இன்னிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்க கதை இருக்கு. பேட்டி எடுக்கறது யார்? சாதாரண ஜனங்க. பத்தாம் வகுப்புப் பசங்ககூட எடுக்கலாம். குறைஞ்சது அரை மணி நேரம் பேசணும், அவ்வளவுதான் கண்டிஷன்.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. டெல்லியில் 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில், சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் கொடுத்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்க பேர் ஒவ்வொன்றாக இருக்கு. சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் 850-க்கும் மேற்பட்டவங்க பேரோடு தூங்கறாங்க. 2024-ல் 'அமரன்' பார்த்துட்டு மேஜர் முகுந்த் வரதராஜனுக்காகத் தியேட்டரில் கண்ணைத் துடைச்சுக்கிட்டோம்.

ஆனால் உயிரோடு திரும்பி வந்து, நம்ம தெருவிலேயே இருக்கிற 'மிலிட்டரி தாத்தா'? கட்டிலுக்குக் கீழே வெள்ளை பெயின்ட்டில் பேரும் நம்பரும் எழுதின கறுப்பு டிரங்குப் பெட்டி. காலையில் அஞ்சு மணிக்கு நடை. 'மிலிட்டரி கோட்டா' பாட்டிலுக்காக மட்டும் சொந்தக்காரங்க தேடி வருவாங்க. அவர் பேச ஆரம்பிச்சா நாம செல்போனைப் பார்ப்போம். 1971 போரில் 20 வயசுப் பையனா இருந்தவர் இப்போ எழுபதைத் தாண்டியாச்சு. இன்னும் எத்தனை வருஷம் காத்திருக்கப் போறோம்?

இப்படிக் கேளுங்க!

* "எத்தனை பேரைச் சுட்டீங்க?"ன்னு ஆரம்பிக்காதீங்க. "முதல் நாள் மெஸ்ஸில் என்ன சாப்பாடு போட்டாங்க?"ன்னு கேளுங்க. அங்கிருந்து அவரே கூட்டிட்டுப் போவார்.

* சர்வீஸ் நம்பர், ரெஜிமென்ட், சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் புக். இதையெல்லாம் முதலில் போட்டோ எடுத்து வச்சுடுங்க. நாளைக்கு பாட்டிக்குக் குடும்ப பென்ஷன் வாங்க மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போகும்போது இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

* 1987-ல் இலங்கைக்குப் போன அமைதிப்படை வீரர்னா நிதானமா கேளுங்க. 1,100-க்கும் மேற்பட்டவங்க அங்கே உயிர்விட்டாங்க. 1990-ல் கப்பலில் மெட்ராஸ் வந்து இறங்கினவங்களை வரவேற்க அன்றைய முதல்வர் போகலை. அதன் அரசியல் தனி. ஆனால் வந்து இறங்கினவர் மனசில் என்ன இருந்ததுன்னு அவர் வாயால்தான் தெரியணும். அவர் பேச வேணாம்னு நினைச்சா விட்டுடுங்க.

* பாட்டியையும் உட்கார வைங்க. மணியார்டரையும் இன்லாண்டு லெட்டரையும் நம்பி, தனியா பிள்ளை வளர்த்தவங்க. அதுவும் சேவைதான்.

* போட்டோக்களுக்குப் பின்னால் யார் யார்னு பென்சிலில் எழுதி வாங்குங்க. தாத்தாவுக்குப் பிறகு அந்த முகங்களுக்குப் பேர் சொல்ல ஆள் இருக்காது.

டிசம்பர் 7 கொடி நாள். 1949-லிருந்து நடக்குது. உண்டியலில் காசு போட்டு, சட்டையில் கொடி குத்திக்கிற அன்னிக்கே இதை ஆரம்பிக்கலாமே!

தலைக்கட்டுக் கணக்கு

இதைப் பழவேற்காட்டு மீனவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த ஏரியில் 'பாடு'ன்னு ஒரு முறை. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடறதுன்னு ஊர்கள் தங்களுக்குள்ளே பிரிச்சுக்கிற ஏற்பாடு. ஊருக்குள்ளே தலைக்கட்டுக்குத் தலைக்கட்டு கணக்கு உண்டு. 'மற்றும் பலர்'னு எழுதினா நடக்குமா? விட்டுப்போன பேருக்குப் பங்கு கிடையாதே!

கடலுக்குப் போய் உடல்கூடத் திரும்பாத துக்கமும் குப்பங்களுக்குப் புதுசில்லை. 2017-ல் ஓகி புயல் அடிச்சப்ப, காணாமல் போனது எத்தனை பேர்னு எண்ணிக்கையில் குழப்பம். குமரிக் கடற்கரை ஊர்களில் பேர் பேராக எழுதின பட்டியலோடு நின்னாங்க. எண்ணிக்கையை யாரும் கூட்டலாம், குறைக்கலாம். பேர் எழுதிட்டா இன்னார் வீட்டுப் பிள்ளைன்னு ஆயிடும். அதை அவ்வளவு சுலபமா அழிக்க முடியாது.

அடுத்த முறை பழவேற்காடு வந்தா டச்சுக் கல்லறையில் போட்டோ எடுத்துக்கோங்க. அதுக்கு முன்னாடி உங்க தெருவில் இருக்கிற டிரங்குப் பெட்டிக்காரரின் பேர், நம்பர், ரெஜிமென்ட் மூணையும் ஒரு நோட்டில் எழுதிட்டு வாங்க. வேலூர் கல்வெட்டுக்கு நடந்தது நம்ம தெருவுக்கு நடக்க வேண்டாம்!