டாக்டர் கைவிரித்த பிறகு

சின்ன வயதில் பொழுது சாய்ந்தால் வாசற்படி தெரியாது. மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக்கீரையாகக் கொடுத்தார்கள். எனக்கிருந்தது சத்துக் குறைவல்ல, ரெட்டினிட்டிஸ் பிக்மென்டோசா என்ற மரபணுக் கோளாறு. விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் முதலில் அழியும். அடுத்துப் பக்கப் பார்வை போகும். கடைசியில் குழாய் வழியே பார்ப்பதுபோல் நேரே இருப்பது மட்டும் மிஞ்சும். அம்மா தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். சொந்தத்துக்குள் மணம் முடித்தால் இந்நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது.

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவைச் சிகிச்சையை ஏழைகளுக்கும் எட்ட வைத்தது. கட்டுப் பிரித்ததும் பேரனின் முகம் தெரிகிறது. சிகிச்சைக்குப் பணம் கொடுத்து உதவியவருக்கும் மனம் நிறைகிறது. எங்களைப் போன்றவர்களுக்கோ, இனிச் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உதவியே தேவைப்படுகிறது.

எனக்கு வெண்கோல் பிடிக்கப் பழக்கியது ஒரு தொண்டு நிறுவனம். பயிற்சியாளரும் பார்வையற்றவர். இடது கால் முன்னே போகும்போது கோலின் முனை வலப்பக்கம் தரையைத் தொட வேண்டும். அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முந்திக்கொண்டு தடவிவிடும். மூடியில்லாத சாக்கடை பிடிபடும். தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கடைப் பலகை பிடிபடாது. தனியாகப் பஸ் ஏறிய அன்று எனக்கு வந்த தெம்பை எந்த மாத்திரையும் தந்ததில்லை.

கணினித் திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளும் எனக்குத் துணை. அது இலவசம். பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006-ல் அதை உருவாக்கத் தொடங்கினார். நன்கொடைகளும் அதைத் தாங்குகின்றன. தமிழும் வாசிக்கும்.

தேர்வுக்கு மட்டும் ஆள் வேண்டும். மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள், ஆனால் நாங்கள் சொல்வதை எழுத ஸ்கிரைப் வரவேண்டுமே! எனக்கு எழுத வந்த கல்லூரிப் பெண் வினாத்தாளை நிதானமாக இரண்டு தரம் வாசித்தாள். சந்தேகம் வந்த இடங்களில், "அக்கா, இங்க சின்ன ‘ல’வா, பெரிய ‘ள’வா?" என்று கேட்டே எழுதினாள். பதில் என்னுடையதாகவே இருக்கவேண்டும் என்பதில் அவளுக்கு அவ்வளவு அக்கறை.

பிறந்தநாளுக்குப் பார்வையற்றோர் விடுதியில் ஒருவேளைச் சாப்பாடு போடுவது நல்ல காரியம். அங்கே போகும்போது, வரும் தேர்வுக்கு யாருக்கு ஸ்கிரைப் வேண்டும் என்றும் கேளுங்கள். பெயரையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள். கூப்பிட்டால் வரவேண்டும், அவ்வளவுதான்.