ஸ்பேம் பெட்டியைக் கிளறுதல்

ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டியில் விழும் அஞ்சலுக்கு 30 நாள்தான் ஆயுள். அதற்குப் பிறகு யாரையும் கேட்காமல் தானே அழிந்துவிடும். வரவேண்டிய ஓடிபியோ, நேர்முகத் தேர்வுக் கடிதமோ வரவில்லை என்றால்தான் பலரும் அந்தப் பெட்டியை எட்டிப் பார்க்கிறார்கள். தேடியது கிடைத்ததும் மற்றதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் அங்கே கிடக்கும் ஒவ்வொரு குப்பை அஞ்சலும், தான் எந்தக் கணினி வழியாக, எத்தனை மணிக்கு நம் வாசலுக்கு வந்தது என்ற தடயத்தைத் தன் மேலேயே சுமந்துகொண்டிருக்கிறது. அந்தத் தடயத்தைக் குலையாமல் எடுத்து, அந்தக் கணினி இருக்கும் நெட்வொர்க்கின் பொறுப்பாளரிடம் சேர்ப்பது ஒரு சின்னக் கைத்தொழில். செய்முறை எளிது. எதை நம்புவது, எதை நம்பக்கூடாது என்பதைப் பழகத்தான் கொஞ்சம் நாளாகும்.

வடிகட்டி இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. பேர்போன ஸ்பேம் கணினிகளிலிருந்து வருவதை சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அது நம் கண்ணில் படுவதே இல்லை. சந்தேகத்துக்கு இடமானதை மட்டும் உள்ளே விட்டு ஒதுக்கி வைக்கும். எந்தெந்தச் சொற்கள் குப்பையில் அதிகம் வருகின்றன, எவை நல்ல அஞ்சலில் வருகின்றன என்று எண்ணிப் பார்த்து நிகழ்தகவால் முடிவெடுக்கும் முறையை 2002இல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரை ஒன்று பரவலாக்கியது. இன்றைய வடிகட்டிகள் அதைவிடப் பல படி முன்னேறிவிட்டன. ஆனாலும் அவை சொல்வது சந்தேகத்தைத்தான், தீர்ப்பை அல்ல. நல்ல கடிதமும் சில நேரம் அங்கே சிக்கிக்கொள்வதால்தான் உடனே அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

இன்பாக்ஸுக்குள் தப்பி வந்த குப்பையை 'ஸ்பேம்' என்று குறித்தால் அந்தத் தகவல் நம் அஞ்சல் நிறுவனத்துக்குப் போகும். மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு அது உறைக்கவும் செய்யும். 2024 பிப்ரவரியில் கூகுள் கொண்டுவந்த விதிகளின்படி, புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொட்டாலே அனுப்புநருக்குச் சிக்கல். ஆனால் வடிகட்டி தானாகவே பிடித்துப் போட்டதற்கு, ஸ்பேம் பெட்டிக்குள் அந்தப் பொத்தான்கூட இல்லை. அதன் இடத்தில் 'ஸ்பேம் அல்ல', 'நிரந்தரமாக நீக்கு' என்பவைதான் இருக்கும். அஞ்சல் புறப்பட்ட கணினியின் சொந்தக்காரருக்கு ஒரு சேதியும் போகாது. பல நேரம் அவர் குற்றவாளியே அல்ல. வைரஸ் புகுந்த அலுவலகக் கணினி, கடவுச்சொல் திருடுபோன கல்லூரிக் கணக்கு, பழைய மென்பொருளோடு கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு கடையின் இணையதளம் என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். யாராவது சொன்னால் ஒழிய அவருக்குத் தெரிய வழியில்லை.

ஆதிகாலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முகவரிகள் அத்தனையும் தலைப்பில் கொள்ளாமல் கடிதத்தின் உடலுக்குள் வழிந்தன என்பது தனி வேடிக்கை. அனுப்பியவர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. புகார் நேரே போய்ச் சேர்ந்தது, கண்டிப்பும் கிடைத்தது. 1982இல் எஸ்எம்டிபி என்ற அஞ்சல் நெறிமுறை எழுதப்பட்டபோதும் வலைப்பின்னலில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களே. அதனால் 'அனுப்புநர்' என்ற இடத்தில் எழுதியிருப்பது உண்மையா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. யார் பெயரையும் எழுதலாம். இன்றும் எழுதுகிறார்கள்.

ஆகவே முதல் விதி: அனுப்புநர் முகவரியைப் பார்த்துப் புகார் செய்யாதீர்கள். 1997இல் ஜோ டால் என்பவர் தம் இணையதளச் சேவையிலிருந்து ஸ்பேம் அனுப்பிய ஒருவரை வெளியேற்றினார். வெளியேற்றப்பட்டவர் ஜோவின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு ஊரெல்லாம் குப்பை அனுப்பினார். கோபம் முழுக்க ஜோவின் தலையில் விடிந்தது. தளம் சில நாள் முடங்கியது. இப்படி ஒருவரை மாட்டிவிடும் தந்திரத்துக்கு இணையத்தில் இன்றும் 'ஜோ ஜாப்' என்றுதான் பெயர்.

சரி, எதை நம்புவது? திரையில் நாம் பார்ப்பது அஞ்சலின் ஒரு துண்டுதான். அதற்கு மேலே ஹெடர் எனப்படும் நீண்ட தலைப்பகுதி மறைந்திருக்கிறது. அஞ்சல் ஒவ்வொரு சர்வரைக் கடக்கும்போதும் அந்த சர்வர் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் ஒரு பதிவைச் சேர்க்கும்: யாரிடமிருந்து பெற்றேன், அவருடைய கணினியின் இணைய முகவரியான ஐபி எண் என்ன, எத்தனை மணிக்கு. தபால் உறையில் ஒவ்வொரு தபால் நிலையமும் முத்திரை குத்துவது மாதிரிதான். ஆனால் புது முத்திரை எப்போதும் மேலே விழும். எனவே மேலிருந்து கீழே படித்தால் நம் பெட்டியிலிருந்து பின்னோக்கி நடக்கிறோம் என்று பொருள்.

பலரும் தவறுவது இங்கேதான். கடைசி வரி வரை போய், ஆகக் கீழே உள்ள எண்தான் மூலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்பேம் அனுப்புகிறவருக்கும் இது தெரியும். அஞ்சலை வெளியே விடுவதற்கு முன்பே நாலைந்து போலிப் பதிவுகளைத் தானே எழுதிக் கீழே அடுக்கிவிடுவார். அவற்றில் ஒரு வங்கியின் பெயரோ பல்கலைக்கழகத்தின் பெயரோ இருக்கலாம். நம் அஞ்சல் நிறுவனத்தின் சர்வர் எழுதிய பதிவை மட்டும் அவரால் தொட முடியாது. எனவே மேலிருந்து இறங்கி வரும்போது, நம் நிறுவனத்தின் வாசல் சர்வர் 'இந்த ஐபி எண்ணிலிருந்து பெற்றேன்' என்று சொல்லும் வரியில் நின்றுவிட வேண்டும். அந்த எண்தான் சாட்சியம். அதற்குக் கீழே இருப்பவை உண்மையாகவும் இருக்கலாம், கட்டுக்கதையாகவும் இருக்கலாம்.

ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அஞ்சலைத் தானாகத் திருப்பிவிடுகிறவர்களுக்கு இதில் கூடுதல் தலைவலி. அலுவலக முகவரிக்கு வந்த ஸ்பேம் ஜிமெயிலுக்குத் திருப்பப்பட்டால், ஜிமெயிலின் வாசல் வரியில் இருப்பது அலுவலக சர்வரின் எண். கவனிக்காமல் புகார் செய்தால், சொந்த அலுவலகத்தின் மேலேயே புகார் கொடுத்ததாகிவிடும். அங்கே இன்னொரு படி கீழே இறங்க வேண்டும்.

தலைப்பகுதியில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற பெயர்களும் அவற்றின் பக்கத்தில் 'பாஸ்' என்ற சொல்லும் தென்படும். அதைப் பார்த்து இது நல்ல அஞ்சல் என்று மயங்க வேண்டாம். இந்தச் சோதனைகள் சொல்வது ஒன்றுதான்: குறிப்பிட்ட டொமைன் தன் பெயரில் இதை அனுப்ப அனுமதித்திருக்கிறது. நேற்று ஒரு டொமைன் வாங்கி இன்று மோசடி செய்கிறவரும் இவற்றில் ஒழுங்காகத் தேறிவிடுவார்.

இனி எடுக்கும் வழி. ஜிமெயில் என்றால் கணினியின் பிரௌசரில் ஸ்பேம் பெட்டிக்குள் அஞ்சலைத் திறந்து, வலப்பக்க மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' இருக்கும். புதிய பக்கத்தில் முழு மூலமும் விரியும். அதை நகலெடுக்கலாம், கோப்பாக இறக்கிக்கொள்ளவும் செய்யலாம். அவுட்லுக்கிலும் யாஹூவிலும் இதே வேலையைச் செய்யும் கட்டளை, அஞ்சலின் மெனுவுக்குள் சற்றே வேறு பெயரில் இருக்கிறது. கைபேசியின் ஜிமெயில் செயலியில் இந்த வசதி இல்லை. எல்லோரும் அஞ்சல் பார்ப்பதே கைபேசியில் என்று ஆகிவிட்ட காலத்தில் இது எரிச்சலூட்டும் குறை. தண்டர்பேர்ட் போன்ற மென்பொருளை ஐமேப் வழியாக இணைத்தால் ஸ்பேம் பெட்டியும் ஒரு சாதாரண அடைவாக வந்து நிற்கும். பாப் முறையில் இணைத்தால் வராது.

எடுப்பதற்காக 'ஸ்பேம் அல்ல' என்பதை அழுத்தி இன்பாக்ஸுக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. தேவையே இல்லை. மூலத்தை இருந்த இடத்திலேயே பார்க்கலாம். வெளியே கொண்டுவந்தால் வடிகட்டிக்குத் தப்பான பாடம் சொல்லிக் கொடுத்ததாகும். ஸ்பேம் பெட்டியில் காட்டப்படாமல் இருந்த படங்களும் இன்பாக்ஸில் திறந்துகொள்ளலாம். அப்படங்களில் சில, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளியாக இருந்து, 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்' என்று அனுப்பியவருக்குச் சேதி சொல்லும். அதேபோல வெறுமனே ஃபார்வர்ட் செய்வதும் பயன்படாது. ஃபார்வர்ட் செய்த அஞ்சலில் அனுப்புநர் நாம். பழைய தலைப்பகுதி போய்விடும், கையில் மிஞ்சுவது குப்பையின் வாசகம் மட்டும்தான். தலைப்பகுதி இல்லாத புகாரை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. மூலக் கோப்பை இணைப்பாக வைக்க வேண்டும், அல்லது மூலத்தை முழுதாக ஒட்ட வேண்டும்.

எங்கே அனுப்புவது? சோம்பலுக்கு ஏற்ற வழி ஸ்பேம்காப். 1998இல் ஜூலியன் ஹெய்ட் என்பவர் தொடங்கிய சேவை. இப்போது சிஸ்கோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. மூலத்தை முழுதாக ஒட்டினால், மேலே சொன்ன இறங்கிவரும் வேலையை அதுவே செய்து, நம்பத்தக்க ஐபி எண்ணைப் பிரித்து, அந்த நெட்வொர்க்கின் புகார் முகவரியைக் கண்டுபிடித்து, அனுப்பட்டுமா என்று நம்மைக் கேட்கும். கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டு சரி என்று சொல்லிவிடக் கூடாது. பட்டியலில் நம் சொந்த அஞ்சல் நிறுவனத்தின் பெயர் இருந்தால் நிறுத்த வேண்டும். அஞ்சலைத் திருப்பிவிடுகிறவர்களுக்காகவே 'மெயில்ஹோஸ்ட்' என்ற ஏற்பாடு அங்கே இருக்கிறது. நம் அஞ்சல் எந்தெந்த சர்வர் வழியாக வரும் என்பதை முன்கூட்டியே அதற்குக் காட்டிவிடலாம்.

ஸ்பேம்காப் ஒரு கெடு வைத்திருக்கிறது: வந்து இரண்டு நாள் தாண்டிய அஞ்சலை ஏற்காது. இது கறார்த்தனம் அல்ல. புகார்களைக் கொண்டு அது நடத்தும் தடைப்பட்டியலில் ஒரு ஐபி எண், புதிய புகார் வராவிட்டால் 24 மணி நேரத்தில் தானாக உதிர்ந்துவிடும். இன்று குப்பை அனுப்பிய எண் அடுத்த வாரம் வேறொரு வாடிக்கையாளருக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம்; நெட்வொர்க் நிறுவனத்தின் பதிவேடுகளும் காலவரையின்றி இருப்பதில்லை. ஆகவே பெட்டி 30 நாள் வைத்திருந்தாலும் சரக்கு இரண்டு நாளில் ஊசிப்போகிறது. மாதக் கடைசியில் மொத்தமாகக் கிளறிப் புகார் செய்யலாம் என்ற எண்ணம் வேண்டாம். அன்றாடம் புதிதாக வந்தவற்றில் ஒன்றிரண்டை எடுத்தால் போதும்.

கையாலேயே செய்ய விரும்பினால், ஐபி எண் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதை 'ஹூ ஈஸ்' பதிவேட்டில் பார்க்கலாம். உலகத்தின் ஐபி எண்களை ஐந்து மண்டலப் பதிவகங்கள் பங்கிட்டு நிர்வகிக்கின்றன. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருந்து இயங்கும் ஏப்நிக்கின் எல்லைக்குள் வரும். பதிவில் புகாருக்கென்று ஒரு முகவரி இருக்கும். அது பெரும்பாலும் 'அப்யூஸ்' என்றுதான் தொடங்கும். இப்படி ஒரு பெட்டி வைத்திருக்க வேண்டும் என்ற மரபை இணையப் பொறியாளர்கள் 1997இலேயே எழுதிவைத்தார்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: ஐபி எண், நேரம், நேர மண்டலம், கீழே முழு மூலம். திட்டி எழுதிப் பயனில்லை. படிப்பவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர். அனுப்பும் முன் மூலத்தில் உங்கள் முகவரி வரும் இடங்களை அழித்துவிடுங்கள். சில நெட்வொர்க்குகள் ஸ்பேம் அனுப்பும் வாடிக்கையாளரிடமே புகாரைத் தள்ளிவிடும். இணைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் நீண்ட எழுத்துக் கோவைகளும் உங்களை அடையாளம் காட்டலாம் என்பதால் முழு ஒளிவு கிடைப்பது அரிது.

நீங்களே விரும்பிச் சேர்ந்த கடையின் செய்திமடல் சலித்துப்போனால் அதற்கு இத்தனை பாடு தேவையில்லை. விலகும் இணைப்பு போதும். முன்பின் தெரியாதவர் அனுப்பியதில் உள்ள விலகும் இணைப்பைத்தான் தொடக்கூடாது. வங்கி, வருமான வரி, பார்சல் என்று ஏமாற்றப்பட்டுப் பணம் பறிபோயிருந்தால் இந்த வழி எதுவும் உதவாது. இந்தியாவில் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். அந்த நேரத்திலும் மூலக் கோப்பைப் பத்திரமாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி 30 நாளுக்கு மேல் காத்திருக்காது.

புகாரால் என்ன நடக்கும்? சில நிறுவனங்கள் தானியங்கிப் பதிலோடு ஒரு எண்ணைத் தரும், சில ஒன்றுமே சொல்லாது. ஸ்பேம்காரர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கே புகார் கிணற்றில் போட்ட கல். அவர்களை அசைக்க, அவர்களுக்கு இணைப்பு தரும் மேல்நிலை நெட்வொர்க்கிடம்தான் போக வேண்டும். 2008இல் அப்படி நடந்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் இயங்கிய மெக்கோலோ என்ற நிறுவனத்தின் சர்வர்கள், வைரஸ் புகுந்த லட்சக்கணக்கான வீட்டுக் கணினிகளைத் தூரத்திலிருந்து ஆட்டுவித்து ஸ்பேம் அனுப்ப வைத்தன. பாதுகாப்பு ஆய்வாளர்கள் ஆதாரங்களைச் சேர்த்தார்கள். வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் அவற்றை எடுத்துக்கொண்டு மெக்கோலோவுக்கு இணைப்பு கொடுத்த இரண்டு நிறுவனங்களையும் கேட்டார். நவம்பர் 11 அன்று இணைப்பு துண்டிக்கப்பட்டது. உலகின் ஸ்பேம் ஒரே நாளில் பாதிக்கும் கீழே சரிந்தது. அடுத்த சில மாதங்களில் ஸ்பேம்காரர்கள் வேறு இடம் பிடித்துக்கொண்டார்கள். அளவு மறுபடி ஏறியது.