மாமாவும் நானும் பல்பு வாங்கிய கதை!

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஹீரோ ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டு ஆட்டென்று ஆட்டுவார். பின்னால் ரோடு மட்டும் நேர்க்கோடு போட்ட மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். கார் நிற்பது ஸ்டுடியோவுக்குள். ஒரு திரைக்குப் பின்புறத்திலிருந்து ரோட்டைப் படமாகக் காட்டுவார்கள். 'பேக் ப்ரொஜெக்‌ஷன்' என்று அதற்குப் பெயர்.

அதே சங்கதியைப் பெட்டிக்குள் அடைத்து, 'ரியர் ப்ரொஜெக்‌ஷன் டி.வி.' என்று ஒரு காலத்தில் விற்றார்கள். உள்ளே ஒரு குட்டி ப்ரொஜெக்டர், ஒரு பெரிய கண்ணாடி, முன்னால் ஒரு திரை. அப்படி ஒன்று 2007 மார்ச் மாதம், நைனார்பாளையத்தில் என் தாய்மாமன் வீட்டில் வந்து இறங்கியது. வரவழைத்த புண்ணியவான் நான்தான்!

நைனார்பாளையம், சேலத்திலிருந்து ஆத்தூர், சின்னசேலம் வந்து உள்ளே போகிற ஊர். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். (2019-ல் பிரித்தார்கள். கதை நடந்தபோது விழுப்புரம் மாவட்டம்.) கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி என்று எதைப் போட்டாலும் விளையும். ஆனால் தண்ணீர் மட்டும் கீழே, ரொம்பக் கீழே!

அந்தத் தண்ணீருக்காக மாமா போர் போட 65,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். அங்கேதான் விதி விளையாடியது.

2006 செப்டம்பரில் அரசு இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது. வீட்டுக்கு வீடு 14 அங்குலம். அதுவரை தெருவிலேயே கலர் டி.வி. வைத்திருந்த மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. "ஊருக்கே கலர் டி.வி. வந்துட்டா, நம்ம டி.வி.க்கு இன்னா மாப்ள மரியாதை?" என்றார். போதாக்குறைக்கு வெஸ்ட் இண்டீஸில் உலகக் கோப்பை வேறு.

நான் அப்போது சேலத்தில் பி.காம். இரண்டாம் வருடம். குடும்பத்தில் காமர்ஸ் படித்த ஒரே ஆள் என்பதால் வீட்டின் நிதியமைச்சர் பதவி எனக்கு! ஒரு கடையில் 50 அங்குல டிஸ்ப்ளே பீஸ் கிடந்தது. புதுசு லட்சத்துக்கு மேல், இது 62,000. மாமா என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "நீ கணக்குப் போட்டு சொல்லு மாப்ள, எடுக்கலாமா?" என்றார்.

நான் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் தேய்மானம் போட்டேன். தள்ளுபடி சதவிகிதம் போட்டேன். அங்குலத்துக்கு எவ்வளவு ரூபாய் என்றுகூடப் போட்டேன். "தாராளமா எடுக்கலாம் மாமா!"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கணக்குப் போடுவதற்கு முன்பே விடை எனக்குத் தெரியும். எனக்குக் கிரிக்கெட் பார்க்க வேண்டும்.

அத்தை மட்டும் ஒன்று கேட்டார். "போர்ல தண்ணி வந்தா நாலு பேரு குடிப்பாங்க. இதுல இன்னா வரும்?"

"சச்சின் வருவாரு!" என்றார் மாமா.

வந்தார். பங்களாதேஷுடன் 7 ரன். இலங்கையுடன் முட்டை. நடுவில் பாவப்பட்ட பெர்முடாவை அடித்து 413 எடுத்ததோடு சரி, இந்தியா முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியது. குட்டியானையில் டி.வி. வந்திறங்கி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

சரி, டீம்தான் தோற்றது. டி.வி. ஜெயித்ததா? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

'பேரிங் பேசுது மாப்ள!'

முதல் நாள் ராத்திரி. ஸ்விட்சைப் போட்டதும் பெட்டிக்குள்ளிருந்து 'ஞொய்ய்ய்ங்' என்று குட்டி விமானம் கிளம்புகிற மாதிரி ஒரு சத்தம். கடையில் இது கேட்கவே இல்லையே என்று நான் விழித்தேன். எப்படிக் கேட்கும்? சேலத்துக் கடையில் பத்து டி.வி. ஓடுகிறது. ஏ.சி. ஓடுகிறது. வாசலில் டவுன் பஸ் ஹாரன். நைனார்பாளையத்தில் ராத்திரி எட்டு மணிக்குச் சில்வண்டு தும்மினால்கூடக் கேட்கும்!

சத்தத்துக்குக் காரணம் இதுதான். அது டி.எல்.பி. வகை டி.வி. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில் லாரி ஹார்ன்பெக் என்கிற விஞ்ஞானி 1987-ல் கண்டுபிடித்த சிப் அதற்கு இதயம். நகத்தளவு சிப்பில் லட்சக்கணக்கில் கண்ணாடிகள். ஒவ்வொன்றும் தலைமுடியின் குறுக்களவைவிடச் சின்னது. ஒரு விநாடியில் ஆயிரக்கணக்கான தடவை தலையாட்டி, வெளிச்சத்தைத் திரைக்கு அனுப்பும் அல்லது அனுப்பாமல் தடுக்கும். (இதற்காக 2015-ல் அவருக்கு ஆஸ்கரே கொடுத்தார்கள். டிஜிட்டல் தியேட்டர்களில் நிறைய இடத்தில் இன்றைக்கும் வேலை செய்வது இந்தச் சிப்தான்.)

ஆனால் கண்ணாடிக்குக் கலர் தெரியாதே? அதற்காகச் சிவப்பு, பச்சை, நீலம் பூசிய ஒரு வட்டச் சக்கரம் விளக்குக்கு எதிரே சுற்றும். மூன்று கலரும் மாறி மாறி வருகிற வேகத்தில் கண் ஏமாந்து முழுப் படத்தைப் பார்க்கும். கண்ணை ஏமாற்ற அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு 7,200 சுற்றோ, அதற்கு மேலோ சுற்ற வேண்டும். மாமாவின் கிணற்று மோட்டாரே 2,900 சுற்றுக்கு உள்ளேதான்!

மாமா பெட்டியில் காதை வைத்துக் கேட்டார். "பேரிங் பேசுது மாப்ள."

"அதெல்லாம் இல்ல மாமா, டெக்னாலஜி" என்றேன். முப்பது வருஷம் மோட்டாருடன் குடித்தனம் நடத்தியவர் சொன்னது சரி; பி.காம். சொன்னது தப்பு. சக்கரத்தின் பேரிங் தேய ஆரம்பித்தால் இந்த 'ஞொய்ங்'தான் முதல் அறிகுறி. டிஸ்ப்ளே பீஸ் என்றால் கடை திறந்ததிலிருந்து மூடும்வரை ஓடின பீஸ் என்று அர்த்தம். எத்தனை மணி நேரம் ஓடியது என்று கடையில் நான் கேட்கவே இல்லை.

ஆயாவின் பிரச்னை வேறு. டி.வி.யை அணைத்த பிறகும் 'உஸ்ஸ்' என்று உள்ளே ஒரு சத்தம் ஓடும். "அணைச்சப்புறமும் மூச்சு வுடுதே! காத்து கருப்பு எதுனா பூந்துகிச்சாடா?" என்று ஆயா கட்டிலை வாசலுக்கு மாற்றிக்கொண்டார். அது பேய் இல்லை, ஃபேன். உள்ளே எரிவது பாதரச ஆவி விளக்கு. அணைத்த பிறகும் அதன் சூடு ஆற ஒன்றிரண்டு நிமிடம் ஃபேன் சுற்றியாக வேண்டும். இந்த ஃபேனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வில்லன் கடைசி ரீலில் வருவான்.

எந்த ஊர்ப் புல்லு இப்படிப் பச்சை?

அடுத்தது படம். கடையில் தகதகவென்று இருந்தது, வீட்டில் கண்ணைக் குத்தியது. முகமெல்லாம் தக்காளி. எல்லார் சட்டையும் நீலம்.

கடைக்காரர்கள் டி.வி.யை 'டைனமிக்', 'விவிட்' என்று ஒரு மோடில் வைத்திருப்பார்கள். ட்யூப்லைட் வெள்ளத்தில் பக்கத்து டி.வி.யை அடித்துச் சாப்பிடுவதற்காக வைப்பது அது. வீட்டுக்குள் சின்ன விளக்கில் பார்ப்பதற்கு அல்ல.

மாமா ரிமோட்டை வாங்கினார். மைதானத்தைக் காட்டியபோது, "எந்த ஊர்லடா புல்லு இம்மாம் பச்சையா இருக்கு?" என்று கலரைக் குறைத்துக்கொண்டே வந்தார், புல் அவர் வரப்புப் புல்லாகும் வரை. "இந்த வெள்ளை, சொட்டு நீலம் ஜாஸ்தி ஊத்தின வேட்டி" என்றார். மெனுவைத் தோண்டி நான் கலர் டெம்பரேச்சரை 'வார்ம்' ஆக்கினேன். வேட்டி வெளுத்தது.

பிற்பாடு படித்தபோது அசந்து போனேன். லட்ச ரூபாய்க் கருவியை வைத்து நிபுணர்கள் செய்கிற 'காலிப்ரேஷன்' என்பதும் அதேதான். வெள்ளைக்கு 6,500 கெல்வின் என்று ஒரு கணக்கு. கடை டி.வி.கள் அதற்கு மேலே போய் நீலம் பாரித்து நிற்கும். கருவி இல்லாதவர்களுக்குத் தெரிந்த முகம், தெரிந்த புல், தெரிந்த வேட்டி போதும்.

ஆனால் ரிமோட்டால் தீராத ஒன்றும் இருந்தது. இந்த டி.வி.யின் திரை, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் நன்றாகப் பரப்பும். மேலும் கீழும் பரப்பாது. நாற்காலியில் நேரே உட்கார்ந்தவருக்கு ராஜ தரிசனம். நின்றால் இருட்டு. தரையில் உட்கார்ந்தாலும் மங்கல். நம் ஊரில் மேட்ச் பார்ப்பவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? பொடிசுகள் தரையில், பெரியவர்கள் வாசலில் நின்றபடி! ஆக, நாற்பது பேர் கூட்டத்தில் சரியாகப் பார்த்தது நாற்காலியில் இருந்த மாமா ஒருவர்தான். போதாததற்குக் கேபிளில் வந்த சதுரப் படத்தை இழுத்து அகலமாக்கியதில், ஒல்லி திராவிட்கூடப் பண்ணையார் மாதிரி நடந்து வந்தார்.

கரண்ட் போச்சு... கதை போச்சு!

வில்லன் வந்தான். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. 2008 வாக்கில் ஆரம்பித்த மின்வெட்டு!

கரண்ட் போனால் விளக்கு அணையும். கூடவே ஃபேனும் நிற்கும். கொதிக்கிற விளக்கு ஆற வழியில்லாமல் உள்ளேயே வேகும். ஒரு நாளில் மூன்று தடவை, நான்கு தடவை. சில ஆயிரம் மணி நேரம் எரிய வேண்டிய விளக்கு, ஏற்கெனவே கடையில் பாதி ஆயுளைக் கழித்த விளக்கு, 2009-ல் ஒரு நாள் 'டப்' என்றது. ஒரு சாதாரண கம்ப்யூட்டர் யு.பி.எஸ். வைத்திருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். அதுவும் என் கணக்கில் வரவில்லை.

சர்வீஸுக்குப் போன் போட்டேன். "லேம்ப் 14,000 சார். ஆர்டர் போட்டா மூணு மாசம் ஆகும்."

பதினாலாயிரமா! ஒரு பல்புக்கா! மாமாவிடம் சொல்லும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏனென்றால் இடையில் இன்னொன்று நடந்திருந்தது. போர் போடாத அந்த 2007 கோடையில் மாமாவின் கரும்பில் பாதி காய்ந்து போனது. மறு வருஷம் அத்தையின் சங்கிலியை பாங்கில் வைத்துத்தான் போர் போட்டார்கள். சங்கிலி இன்னும் பாங்கில் இருந்தது.

திட்டுவார் என்று நின்றேன். மாமா திட்டவில்லை. "நீ போட்ட கணக்கு சரிதான் மாப்ள. பல்பு எவ்ளோன்னு நாம கேக்கல. கேக்காததுக்குக் கணக்கு எப்டி வரும்?" என்று துண்டை உதறிக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். திட்டியிருக்கலாம். இத்தனை வருஷம் எனக்கு உறுத்தியிருக்காது.

டி.வி. செத்தது நைனார்பாளையத்தில் மட்டுமல்ல. எல்.சி.டி.யும் பிளாஸ்மாவும் விலை இறங்க இறங்க, உலகமே இந்தப் பெட்டியைக் கைவிட்டது. சோனி 2008 தொடக்கத்தோடு நிறுத்தியது. கடைசிவரை தாக்குப்பிடித்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் கையை விரித்தது.

2011 ஏப்ரல் 2. உலகக் கோப்பை ஃபைனல். தோனி அடித்த அந்த சிக்ஸரை மாமா வீட்டில்தான் பார்த்தேன். எதில் என்கிறீர்கள்? செத்துப்போன 50 அங்குலத்தின் தலைமேல் ஒரு பலகை போட்டு, அதன் மேல் ஆயாவின் ரேஷன் கார்டுக்கு வந்த 14 அங்குல இலவச டி.வி.! நின்றவர், உட்கார்ந்தவர், படுத்தவர் எல்லோருக்கும் பளிச்சென்று தெரிந்தது. சத்தமும் இல்லை.

நீங்கள் வாங்கப் போகிறீர்களா?

ரியர் ப்ரொஜெக்‌ஷனை இனி யாரும் வாங்கப் போவதில்லை. ஆனால் ரூமில் நாலு நண்பர்கள் சேர்ந்து பழைய ப்ரொஜெக்டர் வாங்குகிறீர்கள். போனஸில் 65 அங்குலம் பார்க்கிறீர்கள். கேள்விகள் மாறவில்லை.

விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது? (ப்ரொஜெக்டர் மெனுவிலேயே இருக்கும்.) புது விளக்கு என்ன விலை, இப்போதும் கிடைக்கிறதா? டி.வி. என்றால், பேனல் போனால் என்ன செலவு? சத்தத்தைக் கடையில் கேட்காதீர்கள். ராத்திரி வீட்டில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேளுங்கள், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள். கடை மோடை மாற்றி 'சினிமா' மோடில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முக்கியமாக, கணக்குப் போடும் ஆள் மேட்ச் பார்க்கத் துடிக்கிறவனாக இருக்கக் கூடாது!

போன தீபாவளிக்கு மாமாவைக் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய் 43 அங்குல எல்.இ.டி. எடுத்தேன். காசு என்னுடையது. பழைய கடனில் ஒரு தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். சேல்ஸ் பையன் என்னென்னவோ அளந்துகொண்டிருந்தான். மாமா குறுக்கே புகுந்து, "தம்பி, இதுக்கு உசிரு போனா திருப்பிக் குடுக்க எவ்ளோ ஆவும்?" என்றார்.

பையன் ஒரு நிமிடம் யோசித்தான். "பேனல் போச்சுன்னா... புதுசு வாங்கறதே மேல்ங்கய்யா."

"பொய் சொல்லாத புள்ள. இதையே கட்டுப்பா" என்றார் மாமா.

அன்றைக்கு ராத்திரி நைனார்பாளையத்தில் டி.வி.யை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். மாமா கிட்டே போய், அதன் முதுகில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கவலையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சத்தமே காணுமே மாப்ள... ஓடுதா?"