அப்டேட் ஆன காலையில் வாய் மூடிய கம்ப்யூட்டர்

மாரிகுப்பத்தில் கிளம்பும் காலை ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஆட்களை அள்ளிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூரு போகிறது. 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, கோலார் தங்கவயலின் பிழைப்பில் பெரும்பங்கு இந்தத் தண்டவாளத்தில்தான் ஓடுகிறது. முந்தைய தலைமுறை பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி வேலை பார்த்தது. இன்றைய தலைமுறை நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறது.

அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு கெடு வந்தது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. இனி பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டும், அல்லது நீட்டிப்புத் திட்டத்தில் சேர வேண்டும். பெரும்பாலான ஊழியர்களுக்கு இந்த மாற்றம் ஒருநாள் முணுமுணுப்போடு போய்விடும். ‘ஸ்டார்ட் பட்டன் ஏன் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது?’ என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஆனால் திரையைக் கண்ணால் பார்க்காமல் காதால் கேட்டு வேலை செய்பவருக்கும், எழுத்தை நான்கு மடங்கு பெரிதாக்கிப் படிப்பவருக்கும், ஒரே கையால் கீபோர்டை இயக்குபவருக்கும் அது வேலையையே நிறுத்திவிடக்கூடிய மாற்றம்.

மணிச்சத்தத்தில் ஓடிய சுரங்கம்

இதை மற்ற ஊர்க்காரர்களுக்கு விளக்குவதைவிடத் தங்கவயல்காரர்களுக்கு விளக்குவது சுலபம். சுரங்கத்தில் கேஜ் என்ற கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் இன்ஜின் டிரைவர், குழிக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க முடியாது. கீழேயிருந்து மணி வரும். எத்தனை மணி என்பதை வைத்துத்தான் ஏற்றுவதா, இறக்குவதா, நிறுத்துவதா, உள்ளே இருப்பது ஆளா சரக்கா என்று அவருக்குத் தெரியும். ராத்திரி ஷிப்ட் முடிவதற்குள் நிர்வாகம் யாரிடமும் சொல்லாமல் மணிக் கணக்கை மாற்றிவிட்டால், காலை ஷிப்டில் கேஜில் ஏறத் துணிபவர் யார்? எந்தச் சுரங்க மேலாளரும் அப்படிச் செய்ததில்லை. ஆனால் நம் அலுவலகங்களின் ஐ.டி. பிரிவுகள் சனிக்கிழமை இரவு அப்கிரேடைத் தள்ளிவிட்டு, திங்கட்கிழமை காலை எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பிவிடுகின்றன.

திங்கட்கிழமை காலை என்ன ஆகும்?

பார்வையற்ற ஊழியர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார். அவர் பயன்படுத்துவது என்.வி.டி.ஏ. என்ற ஸ்க்ரீன் ரீடர். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள். ஜாஸ் போன்ற ஸ்க்ரீன் ரீடர்கள் விலை அதிகம் என்பதால், மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் தே என்ற ஆஸ்திரேலியப் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006-ல் தொடங்கிய இலவச முயற்சி இது. இன்று உலகம் முழுக்க ஓடுகிறது.

அவர் சுவிட்சைப் போடுகிறார். அப்கிரேடுக்குப் பிறகு சில கம்ப்யூட்டர்கள் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டின் திரையில் நின்று 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அந்த நீலத்திரை விண்டோஸ் எழுவதற்கு முன்பே வருவது. அங்கே என்.வி.டி.ஏ. பேசாது. பக்கத்து இருக்கைக்காரர் வந்து பார்த்துச் சொன்னால்தான் கம்ப்யூட்டர் ஏன் மௌனமாக இருக்கிறது என்றே தெரியும்.

அதைத் தாண்டி லாகின் பக்கம் வருகிறது. அங்கேயும் பேசும்படி என்.வி.டி.ஏ.வை அமைத்து வைக்கலாம். ஆனால் அதற்கு அட்மின் அனுமதி வேண்டும். ஐ.டி. பிரிவு பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றியிருந்தால் அமைப்புகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தால் அமைப்பு மட்டுமா, என்.வி.டி.ஏ.வே இருக்காது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்பு சிப்பும் புதிய பிராசஸரும் பழைய கம்ப்யூட்டரில் இல்லையென்றால் மேசையில் வேறு இயந்திரமே உட்கார்ந்திருக்கும். அப்போதும் இதே கதைதான்.

மறுபடி நிறுவ அட்மின் வேண்டும். அட்மினை அழைக்க ‘டிக்கெட்’ போட வேண்டும். டிக்கெட் போட, பேசும் கம்ப்யூட்டர் வேண்டும்! இந்தச் சுழலில்தான் நல்ல ஊழியரின் பாதி நாள் போகிறது.

பேச்சு வந்தபின்னும் முழு நிம்மதி இல்லை. பல ஆண்டுகளாக விரலில் பதிந்த பாதைகள் மாறியிருக்கும். ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலை விண்டோஸ் 11 சுருக்கிவிட்டது. பழைய முழுப் பட்டியல் வேண்டுமென்றால் ஷிப்ட் எஃப்10 அழுத்த வேண்டும். கண்ணால் பார்ப்பவர் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். காதால் கேட்பவர் ஒவ்வொரு வரியாக நகர்ந்து, ‘இங்கே இருந்தது எங்கே போனது?’ என்று துழாவுவார். உருப்பெருக்கியில் திரையின் ஒரு மூலையை மட்டும் பார்த்து வேலை செய்பவருக்கு, இடது ஓரத்தில் இருந்த ஸ்டார்ட் பட்டன் நடுவுக்குப் போனதும் அதே அளவு தொல்லைதான். அதை மறுபடி இடதுபக்கம் வைக்க அமைப்பு இருக்கிறது என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை.

மூன்று மொழிச் சிக்கல்

தங்கவயல்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், அரசு ஆபீஸில் கன்னடம், கம்பெனியில் ஆங்கிலம். ஸ்க்ரீன் ரீடரும் அந்த மூன்றையும் பேச வேண்டும். ஆங்கிலக் குரல் எப்போதும் இருக்கும். விண்டோஸின் இந்திய மொழிக் குரல்களைத் தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டும். மைக்ரோசாப்டின் தமிழ்க் குரலுக்கு ‘வள்ளுவர்’ என்று பெயர். நிறுவனங்கள் அப்டேட்டுகளைத் தங்கள் சர்வர் வழியாக வடிகட்டி அனுப்பும்போது, இந்த மொழித் தொகுப்புகளின் பதிவிறக்கம் தடைபடுவது ஐ.டி. ஆட்கள் அறிந்த பழைய தலைவலி. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாகத் தயாரிக்கும் இமேஜில் யாரும் இவற்றைச் சேர்த்து வைப்பதும் அரிது. கன்னடக் கோப்பு பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தால் எந்தக் குரலாலும் அதைப் படிக்க முடியாது. வாய்க்கு வந்த ஆங்கில எழுத்துகளைத்தான் அது உளறும்.

போனும் இப்போது அலுவலகக் கருவிதான். நிறுவனம் கட்டுப்படுத்தும் ஆண்ட்ராய்டு போனில், பாதுகாப்பு கருதி, அனுமதித்த அணுகல் செயலிகள் மட்டுமே இயங்கும்படி பூட்ட முடியும். போனோடு வரும் டாக்பேக் ஸ்க்ரீன் ரீடர் அதில் தப்பிவிடும். வெளியிலிருந்து நிறுவிக்கொண்ட வேறு ஸ்க்ரீன் ரீடர் முடங்கும். பூட்டியவருக்கு அது பாதுகாப்பு. பயன்படுத்தியவருக்குப் போன் போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த அணுகல் வசதிகளை ‘உதவி’ என்ற கணக்கில் எழுதிவைப்பதுதான் நம் அலுவலகங்களின் பழக்கம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அப்படிச் சொல்லவில்லை. அரசு அலுவலகங்கள் மாற்றுத்திறனாளி ஊழியருக்குத் தக்க வசதி செய்து தர வேண்டும் என்கிறது 20-வது பிரிவு. பணியில் இருக்கும்போது குறைபாடு ஏற்பட்டவரை அதைக் காரணம் காட்டி அரசு வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. 21-வது பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமானால், உதவிக் கருவிகளுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் அந்தக் கொள்கையில் எழுத வேண்டும் என்கின்றன 2017-ம் ஆண்டு விதிகள்.

2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. வங்கிகளின் கே.ஒய்.சி. நடைமுறையில் கண் சிமிட்டச் சொல்வதால் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் படும் பாடு பற்றிய வழக்கு அது. டிஜிட்டல் வசதியை அணுகுவது, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பு வந்தது. கருவி, மென்பொருள் வாங்குகிறவர்கள் டெண்டரில் குறிப்பிட ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது. எண்ணை எழுதிவிட்டால் போதும், விற்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.

இது யாருக்கோ நடக்கும் ஓரமான விஷயமும் இல்லை. சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபின் ஜாஸ் துணையோடு படித்து, ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக இருந்து, 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையிழப்போடு அந்தப் பணிக்கு வந்த முதல் ஆள் அவர். பெங்களூரில் எனேபிள் இந்தியா அமைப்பு 1999 முதல் மாற்றுத்திறனாளிகளைப் பயிற்றுவித்து வேலைக்கு அனுப்புகிறது. இத்தனை பேர் உழைத்து அனுப்பிவைத்த ஊழியரை ஒரு சனிக்கிழமை இரவு அப்டேட் உட்கார வைத்துவிடலாமா?

ஐ.டி. பிரிவுக்கு

அப்கிரேடே வேண்டாம் என்பது பதில் ஆகாது. ஆதரவு முடிந்த கம்ப்யூட்டர் வைரஸுக்குத் திறந்த வாசல். புதிய பதிப்புகள் நல்லதும் கொண்டுவருகின்றன. பேசுவதைத் திரையில் எழுத்தாக்கிக் காட்டும் லைவ் கேப்ஷன்ஸ் 2022-ல் விண்டோஸ் 11-ல் வந்ததுதான். செவித்திறன் குறைந்தவருக்கு மீட்டிங்கில் அது பெரிய துணை.

தேவைப்படுவது வரிசை. முதலில், யார் யார் எந்த அணுகல் வசதியை நம்பியிருக்கிறார்கள் என்ற பட்டியல், அவர்கள் சம்மதத்தோடு. அவர்களுக்கு மாதிரிக் கம்ப்யூட்டர் ஒன்றில் முதலில் சோதனை. அவர்களுடைய சொந்தக் கம்ப்யூட்டரில் மாற்றம் கடைசியில். விண்டோஸின் பெரிய அப்டேட்டை 365 நாள் வரை தள்ளிப்போடும் வசதி நிர்வாகிகளிடம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு நிறுவனங்கள் பணம் கட்டி மூன்று ஆண்டு வரை நீட்டிப்பும் வாங்கலாம். ஒருவருடைய மென்பொருள் தயாராகவில்லை என்றால் அந்த ஒருவருக்காக அதை வாங்குவது வீண்செலவாகாது. மாற்றியபின் பழைய பதிப்புக்குத் திரும்ப விண்டோஸ் தருவது வெறும் 10 நாள். அதை 60 நாள் வரை நீட்டிக்க முடியும். மாற்றிய அன்று காலை ஐ.டி. ஆள் ஒருவர் அந்த மேசைக்கே வந்து நிற்பது, ஆயிரம் சுற்றறிக்கையைவிடப் பயன் தரும்.

ஊழியருக்கு

உங்கள் பக்கத்திலும் சில வேலை உண்டு. என்.வி.டி.ஏ.வில் போர்ட்டபிள் பிரதி ஒன்று எடுத்துப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது அமைப்புகளையும் நகலெடுக்கச் சொன்னால், உங்கள் அமைப்புகளும் ஆட்-ஆன்களும் அதோடு வரும். அலுவலகம் யு.எஸ்.பி.யைத் தடை செய்திருந்தால் அதற்கு முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஜாஸ் வைத்திருப்பவர்கள் அதன் இம்போர்ட், எக்ஸ்போர்ட் வசதியில் அமைப்புகளைச் சேமிக்கலாம். உரிமம் இயந்திரத்தோடு கட்டப்பட்டிருக்கலாம் என்பதால், கம்ப்யூட்டர் மாறுவதற்கு முன்பே விற்பனையாளரிடம் பேசிவிடுங்கள். ஆண்டின் முதல் என்.வி.டி.ஏ. பதிப்பில் பழைய ஆட்-ஆன்கள் ஒத்துப்போகாமல் போகலாம். அதையும் விண்டோஸையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள்.

எல்லாம் கைவிட்டாலும், விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸோடு வரும் நேரேட்டர் லாகின் பக்கத்திலேயே பேசத் தொடங்கும். உருப்பெருக்கிக்கு விண்டோஸ் பட்டனும் பிளஸ் பட்டனும்.

இதைப் படிக்கும் உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லாமல் இருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது இருக்கும். அடுத்த அப்டேட் அறிவிப்பு மெயிலில் வரும்போது, ‘சோதித்துப் பார்த்தவர்களில் ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துபவர் யாராவது இருந்தாரா?’ என்ற ஒரு கேள்வியை மட்டும் பதிலாக அனுப்புங்கள். பதில் ‘இல்லை’ என்று வந்தால், அந்த அப்கிரேடு இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.