உலோகமும் மண்ணும் சேர்ந்த மின்தடை

செம்பு மின்சாரத்தை எளிதில் கடத்தும்; சுட்ட மண்ணாகிய பீங்கான் அதனைத் தடுத்து நிறுத்தும். அதனாலன்றோ மின்கம்பங்களில் கம்பிகளைப் பீங்கானில் கட்டியிருக்கக் காண்கிறோம்!

வானொலிப் பெட்டியின் உள்ளே ஒவ்வோர் உறுப்புக்கும் வேண்டிய அளவு மின்சாரமே செல்ல வேண்டும். அவ்வாறு மின்னோட்டத்தை அளவுபடுத்தும் சிறு உறுப்பே மின்தடையம். அதன் வகைகளுள் ஒன்று, உலோகத் தூளையும் பீங்கான் தூளையும் கலந்து, உயர்ந்த வெப்பத்தில் சுட்டுச் செய்யப்படுவது. இக்கலவைக்குச் செர்மெட் என்று பெயர்.

இது செயற்படும் விதம் யாது? மழைக்காலத்தில் லயத்து வாசற் சேற்றில் கற்களை இட்டு நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஓரிரு கற்களே கிடந்தால் சேற்றைக் கடக்க இயலாது. ஒன்றையொன்று தொடுமளவு இட்டால் வழி பிறந்துவிடும். அவ்வாறே, உலோகத் துகள்கள் குறைவாயிருந்தால் அவை பீங்கானுக்குள் தனித்தனியே அடைபட்டுக் கிடக்கும், தடை மிகும். ஒரு குறிப்பிட்ட அளவை எட்டியதும் துகள்கள் தொடர்ச்சியாகத் தொட்டு நிற்கும். தடை திடீரெனப் பன்மடங்கு குறையும்.

மற்றொரு சிறப்பும் உண்டு. சூடேறினால் உலோகத்தின் தடை கூடும். துகள்களின் நுண்ணிய இடைவெளிகளில் உள்ள தடையோ குறையும். தக்க அளவில் கலந்தால் ஒன்றின் ஏற்றத்தை மற்றதன் இறக்கம் ஈடுசெய்யும்.

ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய ஜார்ஜ் சைமன் ஓம், 1827-ஆம் ஆண்டில் ஒரு விதியை நூலாக வெளியிட்டார். அதன்படி, மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். 6 வோல்ட் மின்கலத்துடன் 300 ஓம் தடையை இணைத்தால் 0.02 ஆம்பியர் ஓடும். தடை 3 ஓம் ஆனால் 2 ஆம்பியர் ஓடும். அதாவது நூறு மடங்கு!

பெற்றோர்களும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். கருகிய மின்தடையத்தை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் செம்புக் கம்பியை முறுக்கி வைப்போர் உளர். பெட்டி மீண்டும் பாடக்கூடும். ஆயினும் கட்டுக்கடங்காத மின்னோட்டம் மற்ற உறுப்புகளைக் கருக்கும். பலகை வீட்டில் தீயும் மூட்டும். பழையதன் அளவே உள்ள மின்தடையத்தை, தொழிலறிந்தவரைக் கொண்டு மாற்றுவதே அறிவுடைமை. மாணவர்கள் வீட்டு மின்சாரத்தைத் தொடாமல், சிறு மின்கலத்தைக் கொண்டே சோதனை செய்து பழகுக.

மின்சாரம் நமக்கு நல்ல ஏவலாள். அதனை அளவோடு நிறுத்தும் அறிவை நாம் பெற்றிருக்கும்வரையில் நம் இல்லங்களுக்குத் தீங்கில்லை.