ராட்சத ஆமைகளின் தீவுகளுக்கு ஒரு கப்பல் பயணம்

படகு கரையை நெருங்குகிறது. பிரயாணிகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்குகிறார்கள். மணலில் ஒரு கடல் சிங்கம் படுத்திருக்கிறது. ஆட்கள் வரும் சத்தம் கேட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறது. பிறகு அதையும் மூடிக்கொண்டு தூங்கிவிடுகிறது!

நம் ஊரில் கையை ஓங்கினால் காக்கை பறந்துவிடும். இங்கே எந்தப் பிராணியும் மனிதனைக் கண்டு ஓடுவதில்லை. பறவை ஒன்று நடைபாதையின் நடுவிலேயே உட்கார்ந்து அடைகாக்கிறது. நாம்தான் ஒதுங்கிப் போகவேண்டும்!

அந்த இடம்தான் கலாபகோஸ் தீவுகள்.

எங்கே இருக்கிறது?

தென் அமெரிக்காவில் ஈக்வடார் என்று ஒரு நாடு இருக்கிறது. பூமத்திய ரேகை அதன் வழியாகப் போகிறது. நாட்டின் பெயரே அந்த ரேகையைக் குறிப்பதுதான். அதன் கரையில் இருந்து மேற்கே சுமார் 1,000 கிலோ மீட்டர் தூரத்தில், பசிபிக் கடலின் நடுவே இந்தத் தீவுகள் கிடக்கின்றன.

எல்லாம் எரிமலைக் குழம்பு இறுகி உண்டானவை. ஒரு காலத்திலும் இவை பெரிய நிலத்தோடு ஒட்டி இருந்ததில்லை. ஆகவே புலி, நரி போன்ற மிருகங்கள் இங்கே வந்து சேரவில்லை. துரத்துவதற்கு ஆள் இல்லாததால், பயப்படுவதற்கும் இந்தப் பிராணிகள் பழகவில்லை.

பிரயாணிகள் ஈக்வடாரில் இருந்து விமானத்தில் வந்து, தீவில் இறங்கிக் கப்பல் ஏறுகிறார்கள். வருமுன் பெட்டி படுக்கை எல்லாவற்றையும் சோதனை போடுவார்கள். கடத்தல் தங்கத்தைத் தேடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பழத்தையும் விதையையும் தேடுகிறார்கள்! வெளியூர்ச் செடி ஒன்று வேர் பிடித்தால், தீவின் செடிகளை அது அழித்துவிடும்.

பூங்காவுக்குள் நுழைவதற்கு வெளிநாட்டுக்காரர்களிடம் 100 டாலர் வாங்கி வந்தார்கள். 2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அதை 200 டாலர் ஆக்கிவிட்டார்கள். கப்பல் செலவு தனி. ஒரு வாரத்துக்கு ஒருவருக்கே பல ஆயிரம் டாலர் ஆகும். நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத பயணம்தான். ஆனால் தெரிந்துகொள்வதற்குக் காசு வேண்டாம் அல்லவா?

கப்பலில்

உல்லாசக் கப்பல் என்றதும், ஆயிரக்கணக்கான பேர் ஏறும் மிதக்கும் நகரத்தைக் கற்பனை செய்யவேண்டாம். இங்கே ஒரு கப்பலில் 100 பிரயாணிகளுக்கு மேல் போகக்கூடாது. பல கப்பல்களில் 16 பேர்தான். பயணம் நான்கு நாளாகவும் இருக்கும்; எட்டு நாளாகவும் இருக்கும்.

கப்பல் பெரும்பாலும் இரவில் ஓடும். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், காலையில் ஜன்னலுக்கு வெளியே வேறு ஒரு தீவு நிற்கும்! ஜூன் முதல் நவம்பர் வரை கடல் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். வயிற்றைக் குமட்டும். டிசம்பர் முதல் மே வரை வெயில் அதிகம், அலை குறைவு.

கரைக்குப் போக ரப்பர் படகு உண்டு. அரசாங்கத்தின் அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் இறங்க முடியாது. பிராணிகளிடம் இருந்து ஆறடி தள்ளி நிற்கவேண்டும். தொடக்கூடாது. தீனி போடக்கூடாது. கிளிஞ்சல், கூழாங்கல் எதையும் எடுக்கக்கூடாது. மாலை 6 மணிக்குள் கரையைக் காலி செய்யவேண்டும். படகில் ஏறும்போது காலில் ஒட்டிய மண்ணையும் கழுவிவிட வேண்டும். ஒரு தீவின் விதை இன்னொரு தீவுக்குப் போகக்கூடாது என்பதற்காக!

சட்டதிட்டம் அதிகமாக இருக்கிறதே என்று சிலர் முணுமுணுப்பார்கள். பழைய கதையைக் கேட்டால் முணுமுணுக்க மாட்டார்கள். அதற்கு முன் ஒரு சுற்று வேடிக்கை பார்த்துவிடுவோம்.

தும்மும் உடும்பு

கறுப்புப் பாறை மீது கறுப்பு உடும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. இவை கடலில் மூழ்கிப் பாசி மேய்கின்றன. பல்லி இனத்தில் கடலுக்குள் போய் இரை தேடுவது உலகத்திலேயே இது ஒன்றுதான். உடம்பில் சேரும் உப்பை மூக்கு வழியாகத் தும்மித் தள்ளுகிறது. பக்கத்தில் படுத்திருக்கும் உடும்பின் தலையில் அது விழுந்தாலும் சண்டை கிடையாது!

இன்னொரு பறவைக்குக் கால் இரண்டும் வானத்து நீலம். ஆண் பறவை பெண்ணின் முன்னால் வந்து, ஒரு காலைத் தூக்கிக் காட்டும். பிறகு மறு காலைத் தூக்கிக் காட்டும். காலின் நிறம் பிடித்திருந்தால்தான் கல்யாணம்!

பனிப் பிரதேசத்துக்கு உரிய பெங்குவின் பறவை இங்கே பூமத்திய ரேகையிலேயே வாழ்கிறது. தெற்கில் இருந்தும் ஆழத்தில் இருந்தும் வரும் குளிர்ந்த நீரோட்டங்கள்தான் காரணம்.

தபால் பீப்பாய்

புளோரியானா என்ற தீவின் கரையில் ஒரு மரப் பீப்பாய் இருக்கிறது. திமிங்கிலம் பிடிக்க வந்த மாலுமிகள் 200 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே பீப்பாய் வைத்துக் கடிதம் போட்டார்கள். ஊர் திரும்பும் கப்பல்காரர்கள் எடுத்துப் போய்ச் சேர்ப்பார்கள். இன்றும் அந்த வழக்கம் நடக்கிறது. பிரயாணிகள் தபால்தலை ஒட்டாமல் கார்டு போடுகிறார்கள். கிடக்கும் கார்டுகளில் தங்கள் ஊர் விலாசம் இருந்தால் எடுத்துப் போய், நேரில் கொடுக்கிறார்கள்.

அதே மாலுமிகள் வேறு ஒன்றையும் எடுத்துப் போனார்கள். ஆமை!

இங்குள்ள ராட்சத ஆமை 200 கிலோவுக்கு மேலும் எடை வளரும். நூறு ஆண்டுகளைத் தாண்டி வாழும். தீனி, தண்ணீர் இல்லாமல் ஓர் ஆண்டு வரைகூட உயிரோடு இருக்கும். அந்த வரமே அதற்குச் சாபம் ஆயிற்று. கப்பலின் அடித்தட்டில் அடுக்கி வைத்து, வேண்டும்போது அறுத்துத் தின்றார்கள். இப்படிப் போனவை ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள்.

1835-ம் ஆண்டு டார்வின் என்ற விஞ்ஞானி இங்கே வந்தார். அப்போது அவருக்கு 26 வயது. ஆமையைப் பார்த்ததும் அது எந்தத் தீவு ஆமை என்று சொல்லிவிடலாம் என்று தீவின் அதிகாரி அவரிடம் சொன்னார். தீவுக்குத் தீவு உயிர்கள் ஏன் மாறுகின்றன என்ற கேள்விதான் பின்னால் அவருக்கு உலகப் புகழைத் தந்தது. ஆனால் அவர் வந்த கப்பலும் ஆமைகளை ஏற்றிக்கொண்டுதான் புறப்பட்டது. வழியில் தின்றுவிட்டு, ஓட்டைக் கடலில் எறிந்துவிட்டார்கள்!

பிந்தா என்ற தீவில் 1971-ல் ஒரே ஓர் ஆண் ஆமையைக் கண்டுபிடித்தார்கள். "தனிமை ஜார்ஜ்" என்று பெயர் வைத்தார்கள். அதன் இனத்தில் ஒரு பெண் ஆமைகூடக் கிடைக்கவில்லை. 2012-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி ஜார்ஜ் இறந்தது. அதோடு அந்த இனம் பூண்டற்றுப் போயிற்று.

உல்லாசப் பயணமும் முழுக்கக் குற்றமற்றது அல்ல. 2001-ம் ஆண்டு ஜனவரியில் ஓர் எண்ணெய்க் கப்பல் சான் கிறிஸ்டோபல் தீவுக்கு அருகே தரை தட்டியது. சுற்றுலாக் கப்பல் ஒன்றுக்காகக் கொண்டுவந்த எண்ணெயும் அதில் இருந்தது. எண்ணெய் கடலில் பரவியது. பக்கத்தில் உள்ள சாந்தா பே தீவில் கடல் உடும்புகளில் பாதிக்கு மேல் ஓராண்டுக்குள் செத்துப்போயின.

எஸ்பஞோலா தீவின் கதை வேறு. அங்கே மிஞ்சியவை 14 ஆமைகள். அவற்றில் இரண்டுதான் ஆண். எல்லாவற்றையும் சாந்தா குரூஸ் தீவுக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். அமெரிக்காவில் ஒரு மிருகக்காட்சி சாலையில் இருந்த "டியாகோ" என்ற ஆண் ஆமையையும் வரவழைத்துச் சேர்த்தார்கள். குஞ்சுகள் பெருகின. ஏறத்தாழ 2,000 ஆமைகள் சொந்தத் தீவில் விடப்பட்டன. அவற்றில் பல நூறு, டியாகோவின் பிள்ளைகள்!

2020-ம் ஆண்டு ஜூன் மாதம் டியாகோவையும் மற்றக் கிழட்டு ஆமைகளையும் படகில் ஏற்றி எஸ்பஞோலாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரோடு கிடையாது. பூங்காக் காவலர்கள் ஆளுக்கு ஓர் ஆமையை முதுகில் கட்டிக்கொண்டு, முள்ளிலும் கல்லிலும் நடந்து போய், சப்பாத்திக்கள்ளி வளர்ந்த மேட்டில் இறக்கி வைத்தார்கள்.