காலி குடோனை இலவசமா கேட்பது எப்படி?

புழல் பக்கம் ஜிஎன்டி ரோட்டுல போனா ரெண்டு பக்கமும் குடோன்கள். சிலதுல 'வாடகைக்கு' போர்டு மாசக்கணக்கா தொங்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வடசென்னை தண்ணியில நின்னுச்சு. எண்ணூர்ல எண்ணெய்க் கசிவு வேற. அந்த மாதிரி நேரத்துல அரிசி, போர்வை நனையாம வைக்க ஒரு தொண்டு அமைப்புக்கு இடம் வேணும். புயல் வந்தப்புறம் தேடுனா லேட்.

ஓனர் ஏன் தயங்குறார்? வாடகை ஏற்கெனவே வரல. உள்ள வந்தவங்க வெளிய போவாங்களாங்கிறதுதான் பயம். லாபமும் இல்ல. இங்கிலாந்துல கடை மூணு மாசத்துக்கு மேல காலியா கிடந்தா பொதுவா ஓனர் முழு வரி கட்டணும். ஒரு சாரிட்டி உள்ள வந்தா அதுல 80 சதவீதம் தள்ளுபடி. நம்ம ஊர்ல நன்கொடைக்கான வரிக் கழிவு, பணமா கொடுத்தாதான். கம்பெனியும் இலவச இடத்துக்கு வாடகை மதிப்பு போட்டு சிஎஸ்ஆர் செலவுன்னு காட்ட முடியாது.

அப்போ நம்மால முடிஞ்சது, அந்தப் பயத்தைக் குறைக்கிறது. சாஃப்ட்வேர்ல ரிலீஸுக்கு முன்னாடியே ரோல்பேக் பிளான் எழுதுவோம். இங்கயும் அதேதான்.

முதல்ல, லீஸ் கேட்காதீங்க, லைசென்ஸ் கேளுங்க. 1882ஆம் வருஷ ஈஸ்மென்ட் சட்டம் 52ஆம் பிரிவுப்படி அது வெறும் அனுமதி. இடத்து மேல உங்களுக்கு உரிமை எதுவும் வராது. ஆனா தலைப்புல 'லைசென்ஸ்'னு போட்டா மட்டும் போதாது. நடைமுறையில என்ன நடக்குதுன்னுதான் கோர்ட் பார்க்கும். 1959லயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கு. அதனால ஒரு சாவி ஓனர்கிட்டயே இருக்கட்டும், அவர் எப்ப வேணா உள்ள வரலாம்னு எழுதுங்க.

அடுத்து, சுவரோ பாத்ரூமோ கட்டாதீங்க. அனுமதியை நம்பி செலவு பண்ணி நிரந்தரமா ஏதாவது கட்டிட்டா, ஓனரால அனுமதியைத் திரும்ப வாங்க முடியாம போகலாம். 60ஆம் பிரிவு அப்படிச் சொல்லுது. ரேக், பாய், ஃபேன் போதும்.

கரண்ட் பில் யார் கட்டுறாங்க, எந்தத் தேதியில காலி பண்றீங்க, ரெண்டையும் எழுதுங்க. கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல வரும். ஆகஸ்ட்லயே போய்க் கேளுங்க. 'இடம் தாங்க'ன்னு ஆரம்பிக்கிறதை விட, 'ஜனவரி 31 காலி பண்ணிடுவோம் சார், எழுதிக் கொண்டு வந்திருக்கோம்'னு ஆரம்பிங்க.